கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின், தூக்கத்துக்கு குளோனாசெபாம்: வலி அடங்குது, கூடவே ஆளும் அடங்கிப் போறேன்

கும்பகோணம் டெய்லர்:
எல்லாருக்கும் வணக்கம். சர்க்கரை பகுதியில போட்டிருக்கேன், இடம் தப்புன்னா மாத்திடுங்க.

வயசு 57. சர்க்கரை பதினஞ்சு வருஷத்துக்கு மேல. ராத்திரியானா ரெண்டு பாதமும் மிளகாய் அரைச்ச கை மாதிரி எரியும். போர்வை பட்டாக்கூட தாங்காது. நரம்புக்குன்னு ப்ரீகாபலின் 75 காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தூக்கமே இல்லைன்னு சொன்னதும் குளோனாசெபாம் 0.5. எரிச்சல் நிஜமாவே குறைஞ்சது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப பிரச்சினை வேற. காலையில பத்து பத்தரை வரைக்கும் தலையில மப்பு. சாயங்காலம் கணுக்கால் வீங்கி செருப்பு வார் மாட்ட முடியல. எடை ஏறிட்டே போகுது. ஊசியில நூல் கோக்கப் போனா ஊசி ரெண்டா தெரியுது. அளவு எடுத்ததை உடனே நோட்டுல எழுதலேன்னா மறந்துடுது. வாய் எப்பவும் காய்ஞ்சு கிடக்கு. வீக்கத்துக்குன்னு நீர் மாத்திரை கொடுத்தாங்க. அதிலேர்ந்து ராத்திரி மூணு நாலு தடவை எழுந்து போறேன். எழுந்தா திரும்பத் தூக்கம் வரல. அதனால தூக்க மாத்திரையை 1 ஆக்கலாம்னு பேச்சு.

கேக்கறது இதுதான்: இதெல்லாம் மாத்திரையா, சர்க்கரையா, வயசா? விடவும் முடியல, சாப்பிடவும் முடியல. இதோட வாழுறவங்க எப்படிச் சமாளிக்கறீங்க?

மருந்துக்கடை சேகர்:
அண்ணே, மதுரையில மருந்துக்கடை வச்சிருக்கேன், பார்மசிஸ்ட். டாக்டர் இல்லை, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

ஒரு வேலை செய்யுங்க. சாப்பிடற எல்லா மாத்திரையையும், சிரப் உட்பட, மேஜையில கொட்டுங்க. பிராண்டு பேர் வேண்டாம். அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேர்களை மட்டும் எழுதிப் போடுங்க. நம்ம ஊர்ல நரம்பு மாத்திரைன்னா தனி மாத்திரையா வர்றது குறைவு. ரெண்டு மூணு மருந்தைச் சேர்த்துத்தான் வரும். ப்ரீகாபலின்ல வாய் காயலாம், ஆனா நீங்க சொல்ற அளவுக்குன்னா வேற ஏதோ உள்ள இருக்கான்னு பார்க்கணும்.

சிஸ்டர் மேரி:
அரசு மருத்துவமனையில நர்ஸா இருக்கேன். சேகர் சொன்னதைச் செய்ங்க அண்ணா, அதுவரைக்கும் தூக்க மாத்திரையைக் கூட்டாதீங்க.

நீங்க எழுதினதைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்க. நரம்பு மாத்திரையில கால் வீங்குது. வீக்கத்தை புது வியாதின்னு நினைச்சு நீர் மாத்திரை. நீர் மாத்திரையால ராத்திரி எழுந்திருக்கீங்க. தூக்கம் கெட்டதுன்னு தூக்க மாத்திரையைக் கூட்டற பேச்சு. அந்த மயக்கத்துல பாத்ரூம்ல வழுக்கினா அடுத்து இடுப்பு எலும்பு. எங்க வார்டுல இந்தக் கதையோட கடைசி அத்தியாயத்தோட வந்து படுத்திருக்கிறவங்க நிறைய. முதல் அத்தியாயத்தை யாரும் கேக்கறதே இல்லை.

நீர் மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க? சாயங்காலம்னா காலைக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

இயற்கை வழி:
எல்லாம் ரசாயனம். இன்னைக்கே நிறுத்துங்க. வெந்நீர்ல கல்லுப்பு போட்டு ராத்திரி அரை மணி நேரம் காலை வைங்க. பத்து நாள்ல எரிச்சல் போயிடும். எங்க தாத்தா காலத்துல ஏது ப்ரீகாபலின்?

சிஸ்டர் மேரி:
தயவுசெஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. சர்க்கரையில பாதம் மரத்திருக்கும், சூடு தெரியாது. வெந்நீர்ல கால் வச்சு தோல் கழண்டு வர்றவங்களுக்கு நான் டிரஸ்ஸிங் பண்ணியிருக்கேன். அதுல சில பேருக்கு விரல் போயிருக்கு.

இன்னொண்ணு, குளோனாசெபாமை ரொம்ப நாள் சாப்பிட்டுட்டு இன்னைக்கே நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம். ப்ரீகாபலினையும் சட்டுனு விடக்கூடாது. குறைஞ்சது ஒரு வாரமாவது படிப்படியாக் குறைக்கணும்னு மருந்தோட வர்ற காகிதத்துலயே போட்டிருக்கும். தூக்க மாத்திரைக்கு அதைவிட ரொம்ப மெதுவா.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
இயற்கை வழி நண்பருக்கு ஒரு சொல். எனக்கு 71 வயது. மார்பின் இடப்பக்கம் அக்கி வந்தபோது, ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுக்குச் சென்று காவிக்கல் குழைத்து அக்கி எழுதிக்கொண்டேன். கொப்புளங்கள் வாடின. அவை எழுதாவிட்டாலும் வாடியிருக்கும் என்பது பிறகு தெரிந்தது. அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கண்ட மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் என்றார்கள். நான் போனபோது அந்த நாட்கள் கடந்துவிட்டன. தழும்பு மறைந்த பின்னும் வலி மறையவில்லை. சட்டைத் துணி உரசினால் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும்.

அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தந்தார்கள். வலி தணிந்தது, மலச்சிக்கல் வந்தது. 25 ஆக்கியதும் சிறுநீர் நின்றுவிட்டது. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இந்த மருந்து அப்படிச் செய்யும் என்பதைக் குழாய் போட்ட பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். மருந்து எழுதிய மருத்துவர் புராஸ்டேட் பற்றிக் கேட்கவில்லை. புராஸ்டேட் மருத்துவர் நரம்பு மருந்து பற்றிக் கேட்கவில்லை.

மருந்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. இன்றும் 10 மி.கி. எடுத்துக்கொள்கிறேன். படுக்கும்போது அல்ல, இரவு ஏழு மணிக்கே. அதனால் காலையில் மந்தம் பெருமளவு குறைந்துவிட்டது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமியும் கொய்யாப்பழமும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கும்பகோணம் டெய்லர்:
ஐயா, உங்க பதிவு படிச்சு பயமாவும் இருக்கு, தைரியமாவும் இருக்கு.

சேகர் தம்பி, லிஸ்ட் இதோ. பொண்ணு பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுச் சொன்னா:
சர்க்கரைக்கு ஒரே மாத்திரையில மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, பயோகிளிட்டசோன். பிரஷருக்கு அம்லோடிபின் 5. ப்ரீகாபலின் 75 கூட மெத்தில்கோபாலமின், ரெண்டு வேளை. இடுப்பு வலிக்கு எலும்பு டாக்டர் கொடுத்தது ராத்திரி ஒண்ணு, அதுல கேபாபென்டின் 400, நார்ட்ரிப்டிலின் 10ன்னு இருக்கு. நீர் மாத்திரை ஃபுரோசமைடு, தூக்கத்துக்கு குளோனாசெபாம், வயித்து அமிலத்துக்கு பான்டோபிரசோல். நெஞ்செரிச்சலுக்கு அப்பப்ப பிங்க் கலர் சிரப், அதை நானே கடையில வாங்கறது.

நீர் மாத்திரை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, சிஸ்டர்.

மருந்துக்கடை சேகர்:
அண்ணே, இதைத்தான் தேடினேன்.

ப்ரீகாபலினும் கேபாபென்டினும் அண்ணன் தம்பி மருந்து. ரெண்டும் நரம்புல கால்சியம் போற வாசல்ல ஒரே இடத்துல போய்தான் வேலை செய்யும். வலி சேதியைக் கடத்துற வேகத்தைக் குறைக்கும். சர்க்கரை டாக்டர் ஒண்ணு கொடுத்திருக்காரு, எலும்பு டாக்டர் இன்னொண்ணு கொடுத்திருக்காரு. ஒருத்தர் சீட்டை ஒருத்தர் பார்த்திருக்க மாட்டாங்க. உங்க மயக்கம், கண்ணு ரெண்டா தெரியிறது, மறதி, எடை இதெல்லாம் ரெண்டு மருந்துக்கும் பொது. அதுக்கு மேல குளோனாசெபாம். அது உடம்புல பாதியாக் குறையவே 30 லேர்ந்து 40 மணி நேரம் ஆகும். நேத்து ராத்திரி போட்டது தீர்றதுக்குள்ள இன்னைக்கு ராத்திரி மாத்திரை வந்துரும். காலையில மப்பு இல்லாம என்ன இருக்கும்?

வாய் காயிறதுக்கு முதல் சந்தேகம் நார்ட்ரிப்டிலின் மேல. அமிட்ரிப்டிலினோட குடும்பம்தான், கொஞ்சம் சாது.

வீக்கத்துக்கு உங்க லிஸ்ட்ல மூணு பேர் மேல சந்தேகப்படலாம்: ப்ரீகாபலின், பயோகிளிட்டசோன், அம்லோடிபின். மூணும் தனித்தனியாவே கால் வீங்க வைக்கும். அதுலயும் முதல் ரெண்டும் சேர்ந்தா வீக்கமும் எடையும் கூடும்னு ப்ரீகாபலின் லேபிள்லயே எச்சரிக்கை இருக்கு. ஆனா கிட்னி, இதயம் ரெண்டையும் பார்க்காம மாத்திரை மேல மட்டும் பழி போடக்கூடாது.

அந்த பிங்க் சிரப் அலுமினியம், மெக்னீசியம் கலந்ததுன்னா கேபாபென்டினை உடம்புல சேர விடாது. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. இந்த லிஸ்டை அப்படியே எடுத்துட்டுப் போய் ஒரே டாக்டர்கிட்ட காட்டுங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் டெஸ்ட் எப்ப பார்த்தீங்கன்னு கேளுங்க. ரெண்டு நரம்பு மருந்தும் கிட்னி வழியாத்தான் வெளிய போகும். கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தா 75 மாத்திரை உடம்புக்குள்ள 150 போல நிக்கும்.

சிஸ்டர் மேரி:
மெட்ஃபார்மின் பல வருஷம், கூடவே பான்டோபிரசோல். ரெண்டுமே பி12ஐக் குறைக்கலாம். பி12 குறைஞ்சாலே பாதம் எரியும், மரத்துப்போகும், ஞாபகமும் குறையும். ரத்தத்துல பி12 அளவு பாருங்க. ஆனா மெத்தில்கோபாலமினும் பி12தான், அதைச் சாப்பிட்டுட்டு இருக்கும்போது பார்த்தா அளவு நல்லாத் தெரியலாம், அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க.

யாழினி லண்டன்:
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். இஞ்ச நிலைமை வேற மாதிரி எண்டதால எழுதுறன்.

எனக்கு நாரியில (இடுப்பில) டிஸ்க் விலகி வலது காலுக்கு இழுக்கும். ஜிபி (இங்கத்தைய குடும்ப டொக்டர்) ப்ரீகாபலின் தந்தவர். 2019 ஏப்ரலில ப்ரீகாபலின், கேபாபென்டின் ரெண்டு மருந்தையும் இங்க கட்டுப்படுத்தின மருந்துப் பட்டியலில, சி வகுப்பில சேர்த்திட்டினம். ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்குத்தான் தருவினம், கேள்வியும் கேப்பினம். 2020இல சயாட்டிக்கா நோவுக்கு, அதாவது என்ர மாதிரிக் காலுக்கு இழுக்கிற நோவுக்கு, இதைக் குடுக்க வேண்டாம் எண்டு இங்க மருத்துவ வழிகாட்டல் எழுதுற நைஸ் அமைப்பு வழிகாட்டலை மாத்திட்டுது. பலன் குறைவு, தீங்கு கூட எண்டு. நீரிழிவு நரம்பு நோவுக்கு அப்பிடிச் சொல்லேல்ல, அதுக்கு இன்னும் இருக்கு. அதால டெய்லர் அண்ணை பயப்பிட வேண்டாம்.

ஜிபி என்னைக் குறைக்கச் சொன்னார். குறைக்கிறது லேசில்லை. வியர்வை, அந்தரம், நித்திரை ஒரு கண்ணும் இல்லை. பழைய நோ திரும்பி வந்திட்டுது எண்டு நினைச்சன். உண்மையில அது குளிசை குறையிறதால வாற துன்பம், ஒவ்வொரு படிக்கும் பிறகு ரெண்டு கிழமையில அடங்கிச்சுது. இது முதலே தெரிஞ்சிருந்தா வடிவாத் தாங்கியிருப்பன். ஒருத்தரும் சொல்லேல்ல.

இப்ப குளிசை இல்லை. நோ இருக்குது. நடக்கிறன், பிசியோ செய்யிறன். ஆனா தலை தெளிவா இருக்குது, பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கடிதத்தை ஒருக்காப் படிச்சா விளங்குது.

நைட் ஷிஃப்ட் சென்னை:
நரம்பு வலி இல்லை, தூக்கம் மட்டும்தான் என் பிரச்சினை. இருந்தாலும் சொல்றேன்.

ஷிஃப்ட் மாறி மாறி தூக்கம் போச்சு, சோல்பிடெம் 10 ஆரம்பிச்சேன். செம, கால் மணி நேரத்துல ஆள் காலி. ஒரு நாள் காலையில கிச்சன்ல பால் பாத்திரம் கரிஞ்சு கிடக்கு. ரூம்மேட் சொல்றான், நான்தான் ராத்திரி எழுந்து பால் காய்ச்சினேனாம், அவன்கிட்ட பேசினேனாம். எனக்கு ஒரு துளி ஞாபகம் இல்லை. அப்புறம் படிச்சுப் பார்த்தா, தூக்கத்துலயே நடக்கறது, சமைக்கறது, வண்டி ஓட்டறதுன்னு நிறைய கேஸ் வந்து 2019லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. இந்த மாத்திரைக்குக் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்காங்க. ஒரு தடவை இப்படி நடந்தாலே மாத்திரையை விடணுமாம். பெண்களுக்கு மருந்து மெதுவா வெளியேறுதுன்னு 2013லயே டோஸை 10லேர்ந்து 5 ஆக்கச் சொல்லிட்டாங்க. எங்க ஆபீஸ் தோழிக்கு இங்க இன்னும் 10தான் எழுதறாங்க.

இப்ப மாத்திரை இல்லாம தூக்கத்துக்கான சிபிடி பண்றேன், அதாவது பழக்கத்தையும் நினைப்பையும் மாத்துற சிகிச்சை. கேக்க மொக்கையா இருக்கும்: தூக்கம் வரலேன்னா கட்டில்ல புரளாம எழுந்து வெளிய போயிடணும், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கிற நேரம் ஒண்ணா இருக்கணும், பகல்ல படுக்கக் கூடாது. முதல் ரெண்டு வாரம் நரகம், ஜோம்பி மாதிரி ஆபீஸ் போனேன். அப்புறம் பரவாயில்லை. ஷிஃப்ட் மாறினா மறுபடி முதல்லேர்ந்து. அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒண்ணு 2016லயே மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் பண்ணணும்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மருந்துக்கடை சேகர்:
தம்பி, வீட்டுல சோல்பிடெம் சாப்பிடறவங்க இருந்தா ராத்திரி கேஸ் சிலிண்டர் வால்வை மூடிட்டுப் படுக்கச் சொல்லுங்க. வண்டிச் சாவியை வேற ஆள்கிட்ட கொடுத்துடணும். ஏழெட்டு மணி நேரம் படுக்க முடியாத நாள்ல மாத்திரையே போடக்கூடாது.

இயற்கை வழி:
சரி, வெந்நீர் விஷயம் தெரியாது, வாபஸ். ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க எல்லாரும் எழுதினதைப் படிச்சா மருந்து வேண்டாம்னு நான் சொன்னதுக்குத்தானே ஆதாரம்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
இல்லை. எது எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுவது வேறு, தூக்கி எறிவது வேறு. மருந்து இல்லாத மூன்று மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டை அணிய முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். இந்த வலி மருந்துகள் வலியை முழுதும் போக்குவதில்லை. பாதி குறைந்தாலே அதை வெற்றி என்றுதான் மருத்துவ ஆய்வுகளில் கணக்கிடுகிறார்கள். மீதிப் பாதியையும் துரத்துவதற்காக டோஸை ஏற்றும்போதுதான் தொல்லை மிகுகிறது. நான் 25இலிருந்து 10க்கு இறங்கியது அதனால்தான்.

சிஸ்டர் மேரி:
இது படிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. முகத்துல சுருக்குனு ஷாக் அடிக்கிற வலிக்கு கார்பமாசெபின் சாப்பிடறவங்க இருப்பீங்க. முதல் சில வாரத்துல காய்ச்சலோட உடம்புல தடிப்போ, வாயில புண்ணோ வந்தா அடுத்த வேளை மாத்திரையைப் போடாம அன்னைக்கே ஆஸ்பத்திரி. நம்ம மாதிரி ஆசியாக்காரங்களுக்கு ஒரு மரபணு இருந்தா அந்தத் தடிப்பு உயிருக்கே ஆபத்து. வயசானவங்க திடீர்னு குழம்பிப் பேசினா சோடியம் பாருங்க, இந்த மருந்து சோடியத்தை இறக்கும். வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுதுன்னு வீட்டுலயே வச்சுக்காதீங்க.

கும்பகோணம் டெய்லர்:
கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன். எல்லா அட்டையையும் ஜவுளிப் பையில போட்டு சர்க்கரை டாக்டர் மேஜையில கொட்டினேன். எலும்பு டாக்டர் மாத்திரையைப் பார்த்துட்டு, "இது எப்ப வந்தது?"ன்னார். ஒரு வருஷமாச்சுன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. இதயம் நல்லா இருக்கு. கிட்னி வடிகட்டற வேகம் 52, ரொம்ப மோசம் இல்லையாம், ஆனா மருந்தைக் குறைக்கணுமாம். கேபாபென்டின் கலந்ததைப் படிப்படியா நிறுத்திட்டார். ப்ரீகாபலின் காலை மாத்திரையையும் மெதுவா எடுத்துட்டார், ராத்திரி மட்டும் 75. பயோகிளிட்டசோனை எடுத்துட்டு வேற சர்க்கரை மாத்திரை. நீர் மாத்திரை வேண்டாம்னுட்டார். மாத்திரை சாப்பிட்டும் பி12 குறைவாத்தான் இருந்ததுன்னு ஊசி போடறாங்க. குளோனாசெபாமைக் கடைசியா, ரொம்ப மெதுவாக் குறைக்கலாம்னு சொல்லியிருக்கார். இப்ப 0.25.

வீக்கம் முக்காவாசி போச்சு. மீதி அம்லோடிபின் வேலையா இருக்கும், அடுத்த தடவை பார்க்கலாம்னார். ஊசி ஒண்ணாத் தெரியுது, நூல் கோக்கறேன். வாய் காயறது இல்லை. நீர் மாத்திரை போனதிலேர்ந்து ராத்திரி ஒரு தடவை எழுந்தா அதிகம்.

ஆனா எரிச்சல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கு. மத்தியானம் மூணு மணிக்கு மேல மெஷின்ல உக்கார்ந்தா தெரியுது. டாக்டர் கேட்டார், பகல்ல மறுபடி ஒண்ணு வேணுமான்னு. வேண்டாம்னுட்டேன். பாதம் எரிஞ்சா எந்திரிச்சு கடை வாசல் வரைக்கும் நடந்துட்டு வருவேன். தலை மந்தமா இருந்தா ஒரு ஜாக்கெட் துணி வீணாப் போகும், காசு நான் கொடுக்கணும். சர்க்கரைக்காரங்களுக்கான மெத்து ரப்பர் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிட்டேன், வீட்டுக்குள்ளயும் அதான். ராத்திரி பொண்ணு பாதத்தைத் திருப்பிப் பார்ப்பா, புண்ணு கிண்ணு இருக்கான்னு. குண்டூசி குத்தினாலும் எனக்குத் தெரியாதே, டெய்லர் கடையில அது கீழ கிடக்காத நாள் எது?

ஒண்ணு மட்டும் இன்னும் மாறலை. பெடல் மேல கால் இருக்கான்னு குனிஞ்சு பார்த்துத்தான் மிதிக்கறேன்.

மருந்துக்கடை சேகர்:
அது மாத்திரை வேலை இல்லைண்ணே, நரம்பு மரத்துப் போனது. இந்த மருந்துங்க எரிச்சலைத்தான் அடக்கும், செத்த உணர்ச்சியைத் திருப்பித் தராது. மோட்டார் மாட்டியிருந்தா கவனம், கால் தெரியாம அழுத்திட்டா விரல் மேல ஊசி ஏறிடும்.

கும்பகோணம் டெய்லர்:
மோட்டாரைப் போன மாசமே கழட்டிட்டேன் தம்பி. கால் மிதிதான்.

புதுசு கோவை:
இழையை இப்பதான் படிச்சேன். அம்மாவுக்கு கால் எரிச்சலுக்கு டுலோக்சிடின் 30 ஆரம்பிச்சிருக்காங்க. வயித்தைப் பிரட்டுதுங்கிறாங்க, வியர்த்துக் கொட்டுது. கேப்சூல் பெருசா இருக்கு, முழுங்க முடியலை. உடைச்சு உள்ள இருக்கிறதை மோர்ல கலந்து கொடுக்கலாமுங்களா?

மருந்துக்கடை சேகர்:
கொடுக்காதீங்க. உள்ள இருக்கிற குட்டி மணிங்க வயித்து அமிலத்துல கரையாம குடலுக்குப் போற மாதிரி பூச்சு போட்டது. மென்னாலோ நசுக்கினாலோ வீண். சாப்பாட்டுக்கு நடுவுல, தண்ணி நிறையக் குடிச்சு முழுங்கச் சொல்லுங்க. குமட்டல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையும், வியர்வை சில பேருக்கு நிக்கவே நிக்காது. பிரஷரைப் பார்த்துக்கங்க, ஏறலாம். இடுப்பு வலி, மூட்டு வலின்னு அம்மா டிரமடால் ஏதாவது சாப்பிடறாங்களா? அதையும் இதையும் சேர்க்கிறது ஆபத்து. எல்லா அட்டையோட பின்பக்கத்தையும் எழுதிப் போடுங்க, பார்ப்போம்.